றெக்கைக்கு வாட்டர் வாஷ்

நல்லி எலும்பு யார் இலையில் விழுகிறது என்பதை வைத்தே ஒரு மாமனார் வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிவிடலாம். வேங்கிக்காலில் அப்பாதுரை வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து அது மூத்த மாப்பிள்ளை கலையரசனின் இலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. இளைய மாப்பிள்ளை அறிவுச்செல்வன் கனடாவுக்குப் போய் ஏர்போர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தபிறகு, அவன் லீவில் வரும்போதெல்லாம் எலும்பு இலை மாறி விழுந்தது. இதைப் போய் வாய்விட்டுக் கேட்க முடியுமா? நாலு பேர் சிரிப்பார்கள்.

கலையரசனுக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வாட்டர் வாஷ் கடை. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் ஸ்கூட்டர்கள், பௌர்ணமி கிரிவலம் முடிந்து புழுதியோடு நிற்கும் டிராவல்ஸ் வேன்கள் என்று தொழிலில் குறைவில்லை. குறை வயிற்றுக்குள் இருந்தது. மாமியார் சந்திரம்மாள் அக்கம்பக்கத்தில் பேசும்போது சின்னவர் பிளேனில் வேலை பார்க்கிறார் என்பதைச் சத்தமாகவும், பெரியவர் கடை வைத்திருக்கிறார் என்பதைக் குரலைத் தாழ்த்தியும் சொன்னதை அவன் காதாலேயே கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? சகலை ஆசையாக வாங்கி வந்த சட்டையைக்கூடப் பிரிக்காமல் பீரோவுக்குள் போட்டு வைத்திருந்தான். இத்தனைக்கும் அந்த அறிவுச்செல்வன், புதுமாப்பிள்ளையாக இருந்த காலத்தில் இவன் கடைக்கு வந்து, ஆசைக்கு வாட்டர் கன்னைப் பிடித்து வண்டி கழுவிப் பார்த்தவன்.

மனைவி சிந்துஜா முன்பு ஒருதரம், நாமும் அப்படி எங்காவது போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். தங்கச்சி வாழ்வதைப் பார்த்து வந்த ஆசை. பிளேன் வேலை என்றால் சும்மாவா, பெரிய படிப்பு வேண்டும், பிளஸ் டூ படித்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுவான், நான் விசாரித்துவிட்டேன் என்று கலையரசன் அடித்துச் சொன்னான். அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஊரை விட்டுப் போக அவனுக்குப் பயம், அவ்வளவுதான். சிந்துஜா நம்பினாள், அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள். மாமனார் வீட்டில் மரியாதை எப்படிப் போனாலும், பெண்டாட்டி முன்னால் அவன் தலைநிமிர்ந்து நடந்தது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

இந்த முறை சகலை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், சிந்துஜாவின் தங்கை அபிநயா ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ போட்டாள். எங்கு பார்த்தாலும் பனி. பிளேன் பக்கத்தில் கிரேன் மாதிரி ஒரு வண்டி. அதன் கூண்டுக்குள் மஞ்சள் கோட்டோடு அறிவுச்செல்வன் நின்று, றெக்கைமேல் ஹோஸில் பீய்ச்சிக்கொண்டிருந்தான். கலையரசன் ஒரு வேனுக்கு நுரை போட்டது போட்டபடி நிற்க, அதையே திரும்பத் திரும்பப் பார்த்தான். பிளேனைக் கழுவுகிறவன். இவனுக்கா என் எலும்பு போனது என்று நினைக்க நினைக்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில், வழக்கம்போல் எலும்பு சகலையின் இலைக்குப் போனதும் ஆரம்பித்தான்.

"சகலை, அங்க நீங்களும் வாட்டர் வாஷ்தானாமே?"

சந்திரம்மாளின் கரண்டி நின்றது. ரசத்தோடு வந்த சிந்துஜாவும் நின்றாள்.

அறிவுச்செல்வன் முகம் சுண்டவில்லை. ஆமாம் என்று சொல்லி, விளக்கவும் தொடங்கிவிட்டான். றெக்கைமேல் பனி உறைந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தாலே பிளேன் சரியாக மேலே ஏறாதாம். அதனால் முதலில் சூடான மருந்துத் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைக்க வேண்டும். அப்புறம் பச்சையாக, கொழகொழவென்று இன்னொன்றை அடித்தால் கிளம்புகிறவரை புதுப் பனி பிடிக்காது. கிளம்ப லேட்டானால் மறுபடி முதலிலிருந்து. மேலே போனபிறகு யார் அடிப்பார்கள் என்று அப்பாதுரை கேட்டார். இன்ஜினின் சூட்டுக் காற்றை றெக்கைக்குள்ளேயே ஓட விடுவார்கள் என்றான். எல்லோரும் சோற்றை மறந்து கேட்டார்கள். கலையரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சொன்னாலும் கடைசில கழுவறதுதானே?" என்றான்.

"அதேதாண்ணா. படிச்ச படிப்புக்கு அங்க வேலை கிடைக்கல. இதுக்குப் படிப்பே கேக்கல, ட்ரெயினிங் அவங்களே குடுத்துட்டாங்க. கூட நிக்கறவன் பத்தாவதுகூட முடிக்கல. முன்னாடி கன் புடிச்சிருக்கியானு மட்டும் கேட்டாங்க. எங்க அண்ணன் கடையில புடிச்சிருக்கேன்னேன். உங்களாலதான் கிடைச்சுது."

அப்படியானால் பெரிய மாப்பிள்ளைதான் வாத்தியார் என்று அப்பாதுரை பூரித்துப்போனார். சந்திரம்மாள் சட்டியைத் துழாவி இன்னொரு நல்லி எலும்பை எடுத்துக் கலையரசன் இலையில் போட்டாள். அதைக் காட்டலாம் என்று அவன் சிந்துஜாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் எலும்பைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் அவன் இலைக்கு வரவேயில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னால் தள்ளி உட்கார்ந்து வந்தாள். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு யார்கிட்ட விசாரிச்சீங்க?"

கலையரசன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பொய்யாகவாவது சொல்ல ஒரு பெயரைத் தேடினான். வீடு வருகிறவரை ஒன்றும் கிடைக்கவில்லை.