நீல ஜாடியின் மேல் ஒரு வெள்ளைத் துணி

சலவைக் கடைக்காரர் ஓவியம் கற்றுக்கொள்ள வரவில்லை. மனைவிக்குப் பெட்டி தூக்க வந்தார். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுத்தரும் அந்த விடுதிக்கு அவர்களை அனுப்பியது மகள்தான். "அம்மா, புது வீட்டு ஹால்ல ஒரு சுவர காலியாவே வச்சிருக்கேன். உன் கையால ஒரு படம் வேணும்" என்று சொல்லியிருந்தாள்.

அந்தச் சுவருக்காகவே மனைவி ஜன்னலோரத்து நீல ஜாடியை விழுந்து விழுந்து வரைந்தாள். நீலத்தை அள்ளி அள்ளி அப்பினாள். பக்கத்தில் ஸ்டாண்டில் ஆப்பிள் வரைந்துகொண்டிருந்த பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "அக்கா, ஜாடி நெறைய பெயின்ட்டையே ஊத்திட்டீங்க போல" என்றார்.

"உங்க ஆப்பிள்ல சொத்தைப் பல்லு மாதிரி ஓட்டை தெரியுது. அத மொதல்ல அடைங்க டாக்டர்."

கூடமே சிரித்தது. கடையில் வாய் திறக்காமல் பட்டன் தைப்பவளா இவள் என்று சலவைக்காரர் வாயைப் பிளந்தார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை ஜாடி முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது சலவைக்காரர் கூடத்துக்குள் வந்தார். திறந்த ஜன்னல் வழியே தெருப்புழுதி வந்துகொண்டிருந்தது. வெளுத்த துணியைத் தூசி படவிட்டு அறியாத மனிதர். பெட்டியிலிருந்து, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துவந்து ஈரப் படத்தின் மேல் போர்த்தினார். கை சும்மா இருக்குமா? சுருக்கம் போக உள்ளங்கையால் நீவியும் விட்டார்.

காலையில் முதல் ஆளாக வந்து துணியை எடுத்தார். ஜாடியும் கூடவே வந்துவிட்டது. கேன்வாஸில் மங்கலான சாயல்தான் மிச்சம்.

யாரும் பார்க்கவில்லை. துணியைச் சுருட்டி ஒளித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு உடம்பு கூசியது. "சாமி, என்னை அப்படி ஆக்கிடாதே" என்று முணுமுணுத்துவிட்டு, துணியும் கையுமாகவே மனைவியைக் கூட்டிவந்தார்.

"நான்தான். தூசி படுமேன்னு மூடினேன். நீவியும் விட்டுட்டேன்."

"நீவுனீங்களா?"

"ஆமா."

"சட்டைன்னு நெனச்சீங்களா?"

அவர் தலைகுனிந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது உள்ளே வந்த டீச்சரிடம், "இவர நல்லா நாலு வார்த்தை திட்டுங்க டீச்சர். எனக்கு மனசு வரல" என்றாள்.

டீச்சர் படத்தைக் குனிந்து பார்த்தார். "பெயின்ட் தடிச்சுப் போனா நாங்களே காகிதம் வச்சு ஒத்தி எடுப்போம்மா. உருவம் அப்படியே இருக்கு. இது மேல மெலிசாப் போடுங்க, வண்டி வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்."

நீலம்தான் தீர்ந்து போயிருந்தது. பல் டாக்டர் தன் டியூபை நீட்டினார். "என் ஆப்பிளுக்கு எதுக்குக்கா நீலம்?" சலவைக்காரர் பக்கத்தில் நின்று பிரஷ்களைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். கடவுள் கைகொடுக்கும்போது இப்படித்தான், பக்கத்தில் நிற்பவர்களின் கையாகக் கொடுக்கிறார்.

இரண்டாவது ஜாடி சற்று மெலிந்திருந்தது. ஆனால் நேராக நின்றது. ஈரம் எதன் மேலும் படாதபடி டீச்சர் அதை ஆழமான அட்டைப்பெட்டியில் பொருத்திக் கொடுத்தார். மனைவி அதைத் தூக்கிக் கணவர் கையில் வைத்தாள்.

வண்டியில் அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே வந்த புழுதி மூடி மேல் படிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் நகரவில்லை.

"மூடிதானே," என்றாள் அவள். "துடைங்க."