ஹுஸ்னி தோற்றுக்கொண்டே இருந்த வருஷம்

அடுத்த வீட்டு நூருன்னிஸாவின் மகன் ஹுஸ்னி கத்தாரிலிருந்து வந்து இறங்கிய அன்று, வேனில் வந்த பெட்டிகளில் மிகப் பெரியதை யாரையும் தொட விடவில்லை. பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே போனான். அதற்குள் தங்கம் இருக்கிறது என்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பேச்சு. நான் அப்படிச் சொல்லவில்லை. தங்கம் அவ்வளவு பெரிய பெட்டியில் வராது. ஏசி மெசின் என்றுதான் சொன்னேன். அங்கே ஏசி திருத்துகிற வேலைதானே பார்த்தான்.

இரண்டும் இல்லை. அது விளையாடுகிற கம்பியூட்டர். அது தெரியவந்த விதத்தைச் சொல்லவேண்டும்.

நான் உக்குவளையில் பிளவுஸும் அபாயாவும் தைக்கிறவள். என் தையல் மெசின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே ஹுஸ்னியின் அறை. நடுவில் ஒரு மதில், நெஞ்சு உயரம். அவன் வந்த வாரமே, ஒரு பட்டப்பகலில், அந்த அறைக்குள்ளிருந்து அலறல்.

"நான் விழுந்திட்டேன்! யாராவது தூக்குங்க! சீக்கிரம், மௌத்தாகப் போறேன்!"

பாதி தைத்த கையோடு ஓடினேன். கை என்றால், என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த நிஷ்மியாவின் அபாயாக் கை. நூருன்னிஸா குசினியில் நிதானமாக மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே, காதில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு, புதுமாப்பிள்ளைபோல நாற்காலியில் சாய்ந்திருந்தான் ஹுஸ்னி. இருபத்தொன்பது வயது ஆம்பிளை.

"விளையாட்டு மாமி," என்றான். "நாலு பேர் ஒரு குழு. ஒருத்தன் கண்டி, ஒருத்தன் காத்தான்குடி, மத்தவன் மாலைதீவு. பரசூட்டில ஒரு தீவில குதிப்போம். கடசி மட்டும் உசிரோட ஈக்கிற குழு ஜெயிக்கும்."

"நீ எத்தன தரம் ஜெயிச்ச?"

"இன்னம் இல்ல."

அந்த 'இன்னம் இல்ல' ஒரு வருஷம் ஓடியது.

முதலில் நூருன்னிஸா, "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும், பாலைவனத்தில காஞ்சு வந்த புள்ள" என்றாள். சரி, எடுக்கட்டும். பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்றாள். பிறகு மழை விடட்டும் என்றாள். மழைக்கும் ஏசி வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் கேட்கவில்லை என்கிறேன், மற்றவர்களிடம் கேட்டேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள், "கழுத்து கொஞ்சம் இறக்கம், ராத்தா" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "ஹுஸ்னி ஜெயிச்சானா?" என்று விசாரிக்கிற அளவுக்கு விஷயம் வளர்ந்துவிட்டது. கிரிக்கெட் ஸ்கோர்போல நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஸ்கோர்தான். தோல்வி.

தோற்பதற்குக் காரணம் கெட்டிக்காரத்தனம் குறைவு இல்லை. குந்திய இடத்தில் இருக்கத் தெரியாதவன். அவன் சுடத் தொடங்கினால் போதும், நூருன்னிஸாவுக்குத் தேங்காய் உரிக்கவேண்டியிருக்கும். அவன் மறைந்திருந்தால் ரொட்டி விற்கிற பாண் த்ரீவீலர் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். "ஹுஸ்னி, ரெண்டு பாண் வாங்குடா!" என்பாள். அவன் "வாறேன் உம்மா" என்று கிண்ணங்களைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவான். திரும்பி வந்து பார்த்தால், அதற்குள் யாரோ சுட்டு அவன் மௌத்து. காஸ் சிலிண்டர் மாற்றப் போய் மௌத்து. கூரையில் ஏறின கோழியை இறக்கப் போய் மௌத்து. ஹஜ்ஜுப் பெருநாளன்று இறைச்சிப் பை பங்கிடுகிற நேரம், நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவான், மௌத்தாவான், எழும்பி அடுத்த நாலு வீட்டுக்குப் போவான். எங்கள் வீட்டுப் பங்கைக் கொண்டுவந்தபோது, "இப்ப உசிரோட ஈக்கிறியா?" என்று கேட்டேன். "இப்பத்தான் முடிஞ்சது மாமி" என்றான், முகத்தில் கொஞ்சமும் கவலை இல்லாமல்.

அவன் கூட்டாளிகள் படுகிற பாடு வேறு. சில நாள் கிண்ணங்களைக் கழற்றிவிட்டு விளையாடுவான், அப்போது அந்தப் பக்கக் குரலும் கேட்கும்.

"மச்சான், எங்கடா போன? நாங்க மூணு பேரும் செத்தோம்!"

"தேங்கா உரிக்கப் போனேன்டா."

"என்னது?"

"தேங்கா."

மாலைதீவுக்காரன் தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொல்வான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனாலும் விளங்கியது.

ஒரே ஒரு தரம் ஜெயிக்கிற இடத்துக்கு வந்தார்கள். தீவில் இவன் குழுவும் இன்னொரு குழுவும்தான் மிச்சம். அவன் குரல் இறங்கிப்போய்விட்டது. எனக்குத் தையல் ஓடவில்லை. மதிலடிக்குப் போய் நின்றேன், கொடியில் துணி காய்கிறதா என்று பார்க்க. அந்த நேரம் பார்த்து நூருன்னிஸா, "ஹுஸ்னி! மோட்டர ஓப் பண்ணுடா, டேங்க் வழியுது!" என்று சத்தம் போட்டாள்.

"வழியட்டும் நூரு! கொஞ்சம் பொறு!" என்று நானே கத்திவிட்டேன். பயனில்லை. நாற்காலி பின்னால் உருளுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. கண்டிக்காரனின் அழுகுரல் மட்டும் கேட்டது.

இந்த மகனுக்குத்தான் நூருன்னிஸா கல்யாணம் பேசத் தொடங்கினாள்.

பேசட்டும். இரண்டு இடம் வந்து, வேலை என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட்டன. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "மகன் இப்ப என்ன செய்றாரு?" என்று யாரோ கேட்க, இவள் வாய் கூசாமல், "ஒன்லைன் வேலை. வெளிநாட்டு ஆக்களோட" என்று சொல்லிவிட்டாள். மாலைதீவும் வெளிநாடுதானே. அந்தப் பேச்சு தரகர் காதுக்குப் போய், அவர் வாயால் சம்பளமும் உயர்ந்து, மாத்தளை கொங்காவெலயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற பதுர்தீன் ஹாஜியாரிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய மகள் ஜெஸ்லா. கம்பனி ஒன்றில் கணக்கு வேலை. போட்டோ வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து ஹுஸ்னி தலை சீவத் தொடங்கினான். ஒருநாள் மதிலருகே வந்து, "மாமி, அந்தப் புள்ளையப் பத்தி ஏதும் கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டான். காது இரண்டும் சிவந்திருந்தன. பையனுக்குப் பிடித்துவிட்டது என்று அப்போதே கணக்குப் போட்டேன்.

எங்கள் பக்கம் சம்பந்தம் என்றால் முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு வரமாட்டார்கள். அடுத்த வீட்டுக்குத்தான் வருவார்கள். ஏதாவது ஒரு சாட்டு வைத்துக்கொண்டு வந்து, தண்ணீர் குடித்து, மெதுவாகப் பையனின் நடப்பை விசாரிப்பார்கள். இது நூருன்னிஸாவுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை, காரணமே இல்லாமல், இனிப்பாக ஒரு முழு வட்டிலப்பத்தோடு வந்தாள்.

"கஜு கூடப் போட்டீக்கு, ராத்தா."

"தெரியுது. என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு யாரும் வந்து கேட்டா, ஒன்லைன் வேலைன்னு செல்லுங்க. அவ்வளவுதான்."

"நூரு, நான் பொய் சொல்றவளா?"

"நீங்க மெய்ய ஒழுங்கை முழுக்கச் செல்றவ. அதுதான் பயம்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அவனுக்கு இது வந்து மூணாவது சம்பந்தம் ராத்தா. இதும் போனா அவன் அந்த ரூமை விட்டு வெளியவே வரமாட்டான்."

வட்டிலப்பம் நன்றாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

மறுநாள் வந்தது யார் தெரியுமா? நிஷ்மியா. என்னிடம் அபாயா தைக்கக் கொடுக்கிற அதே நிஷ்மியா, ஜெஸ்லாவின் சாச்சியாம்! இத்தனை வருஷம் அளவெடுத்தும் அவளுக்குக் கொங்காவெலயில் கூடப்பிறந்த ராத்தா இருப்பது எனக்குத் தெரியாமல் போனது பெரிய அவமானம். கூடவே ஒரு மெலிந்த பெண், கண்ணாடி போட்டது. "என்ட ராத்தாட மகள். இவவுக்குக் கை கொஞ்சம் சுருக்கணும்" என்றாள் நிஷ்மியா. போட்டோவில் இருந்த அதே முகம். பெண்ணே விசாரிக்க வந்திருக்கிறாள்! காலம் அப்படி.

பிளேன்டீ ஊற்றினேன். நிஷ்மியா ஆரம்பித்தாள்.

"பக்கத்து வீட்டுப் பையன் எப்பிடி ராத்தா?"

"நல்ல பையன். ஒன்லைன் வேலை."

"எந்தக் கம்பனி?" என்று அந்தப் பெண் கேட்டது.

"அது... ஒரு பெரிய கம்பனி. நாலு பேர் சேர்ந்து செய்றாங்க."

"என்ன மாதிரி வேலை மாமி?"

நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது: "விழுந்திட்டேன்! விழுந்திட்டேன்! தூக்குங்கடா, பின்னால நிக்கிறான்!"

நிஷ்மியா கோப்பையோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜெஸ்லா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"பெரிய கம்பனிதான் மாமி," என்றாள். "என்ட கூடப்பொறந்த நானாவும் அதே கம்பனியிலதான். விடிய விடிய வேலை."

இனி எதை மறைக்க? ஒரு வட்டிலப்பத்துக்கு எவ்வளவு பாரம்தான் ஏற்றுவது? பெட்டி வந்த நாளிலிருந்து முழு வருஷத்தையும் சொன்னேன். பாண், கோழி, காஸ், டேங்க் எல்லாம் சொன்னேன். நிஷ்மியா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒரு வருஷமா ஒரு தரம்கூட ஜெயிக்காதவன், வாழ்க்கையில என்னத்த ஜெயிக்கப் போறான்?" என்றாள். ஜெஸ்லா சிரிக்கவில்லை.

அந்த நேரம் நூருன்னிஸாவின் குரல். "ஹுஸ்னி! இந்தப் போத்தல் மூடியக் கழட்டித் தா!"

"வாறேன் உம்மா!" நாற்காலி உருண்டது.

"எப்பவும் இப்பிடித்தான் எழும்புவாரா?" என்று ஜெஸ்லா கேட்டாள்.

"எப்பவும்தான். அதுதானே சொல்றேன், ஒரு இடத்தில குந்தி..."

"மாமி, அந்த விளையாட்டை நடுவில நிப்பாட்டி வைக்க ஏலாது. எழும்பினா செத்தோம். அது அவருக்குத் தெரியும்." அவள் பிளேன்டீயைக் கீழே வைத்தாள். "எங்கட உம்மா போன மாசம் குளிக்கிற இடத்தில வழுக்கி விழுந்தாங்க. நானாவைக் கூப்பிட்டாங்க. 'ஒரு நிமிசம் உம்மா, இப்ப ஏலாது'ன்னாரு. நான் வேலை விட்டு வந்துதான் தூக்கினேன். இவரு போத்தல் மூடிக்கு எழும்புறாரு."

நிஷ்மியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருஷம் முழுக்க ஸ்கோர் சொன்னவள் நான். இப்படி ஒரு கணக்கு இருப்பது தோன்றவே இல்லை.

"அப்ப சரியாம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"இல்ல. வேலைப் பொய்தான் சரி வராது. வாப்பா பொய் சொன்னவங்களுக்கு ஒரு ஆணிகூடக் கடனுக்குக் கொடுக்கமாட்டாரு. மகளைக் கொடுப்பாரா? மாப்பிள்ளையே கடைக்கு வந்து, தனக்கு வேலை இல்லன்னு வாப்பாட மொகத்தைப் பாத்துச் செல்லட்டும். செல்லினா மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். செல்லாட்டி இந்தச் சம்பந்தம் வேணாம்."

சுருக்கவேண்டிய அபாயாவைத் தராமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செய்தியை நான் மதிலோரம் கொண்டுபோனபோது நூருன்னிஸா என்னைப் பேசாத பேச்சில்லை. "திண்ட வட்டிலப்பம் தொண்டைய விட்டு இறங்கல்ல, அதுக்குள்ள..." என்று தொடங்கி, என் பரம்பரை வரைக்கும் போனாள். ஹுஸ்னி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"உம்மா, நிப்பாட்டுங்க," என்றான். "நீங்க ஒன்லைன்னு செல்லினதே எனக்கு இப்பத்தான் தெரியும். நான் போறேன்."

"அந்த ஹாஜியாரு கடை முழுக்க ஆக்களுக்கு முன்னால உன்னைக் கேவலப்படுத்துவாருடா!"

"வேலை இல்லதானே உம்மா. அதுதானே மெய்."

திங்கட்கிழமை தாடியை ஒழுங்காக வெட்டி, கத்தார் சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டு மாத்தளை பஸ் ஏறினான். அன்றைக்கு முழுக்க நூருன்னிஸா வாசல் கேட்டடியில் நின்றாள். என்னோடு கோபம்தான், ஆனாலும் தனியாக நிற்க முடியவில்லை போல. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னபின் மதிலுக்கு இந்தப் பக்கம் பார்த்து, "வந்து நில்லுங்களே" என்றாள். நான் ஏற்கெனவே செருப்பு போட்டுத்தான் இருந்தேன்.

பஸ் வந்தது. ஹுஸ்னி இறங்கினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னடா செல்லினாரு?"

"முதல்ல ஒண்ணும் செல்லல்ல. சீமெந்து மூட்டை எண்ணிக்கிட்டே ஈந்தாரு. பொறகு, 'ஒரு வருஷம் சும்மாவா ஈந்தீங்க?'ன்னாரு. விளையாடினேன்னேன். 'ஏன்?'ன்னாரு. கத்தார்ல ரூம்ல எட்டுப் பேர், ஆனா ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க நேரமில்ல, வந்த பொறகு கதைக்கிறதுக்கு அந்த மூணு பேர்தான் கிடைச்சாங்கன்னேன்."

இதை அவன் எங்கள் இருவரிடமும் சொன்னதே இல்லை. நூருன்னிஸா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறகு?"

"தம்புள்ளை ஹோட்டல் ஒண்டுல ஏசி பாக்க ஆள் தேடுறாங்களாம். அவருதான் அங்க சாமான் போடுறவராம். போய்ப் பாருங்கன்னு நம்பர் தந்தாரு."

"அது வேலைடா. சம்பந்தத்துக்கு என்ன செல்லினாரு?"

"சரின்னும் செல்லல்ல. இல்லன்னும் செல்லல்ல உம்மா. டீ குடுத்தாரு."

நானும் நூருன்னிஸாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் பக்கம் வாயால் சொல்லாததை டீ சொல்லும்.

"என்ன டீ?" என்றேன். "பிளேன்டீயா, பால் டீயா?"

"பால் டீ மாமி."

"ஹோட்டல்ல எடுத்ததா, வீட்டிலயா?" என்றாள் நூருன்னிஸா.

"கடைக்குப் பின்னாலதானே அவங்கட வீடு. அங்கயிருந்து வந்திச்சு. சாஸர் வச்ச கோப்பையில."

"ஏதும் கடிச்சுக்க?"

"மஸ்கட் அல்வா ரெண்டு துண்டு. ஏன் உம்மா இப்பிடிக் கேக்குறீங்க? ஏன் அழுறீங்க?"

"யாருடா கொண்டுவந்து வச்சது?" என்றேன் நான்.

அவன் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினான். காது இரண்டும் மிளகாய்ப்பழம்போல ஆகிவிட்டன. நூருன்னிஸா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். நான் அவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கல்யாணக் காவினுக்கு எவ்வளவு துணி வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.