ஐந்து பேருக்கு அமைதியான மேஜை

அந்த ஒரு மாதத்தில் போர்மேன் பதினோரு ஓட்டல் ஏறி இறங்கிவிட்டார். எதிலும் சாப்பிடவில்லை. உள்ளே போவார், நடு மேஜையாகப் பார்த்து உட்காருவார், ஒரு காப்பி சொல்வார், கண்ணை மூடிக்கொள்வார். பெரியவருக்கு மயக்கமோ என்று பரிமாறுகிறவர்கள் தண்ணீரோடு ஓடி வருவார்கள். மயக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றில் கூரையிலிருந்து பாட்டு கொட்டியது. இன்னொன்றில் காப்பி இயந்திரம் இரண்டு நிமிடத்துக்கொரு தரம் சீறியது. மூன்றாவதில் பாட்டும் இல்லை, சீறலும் இல்லை. ஆனால் வெறும் கல் தரை, நாற்காலிகளுக்கு இரும்புக் கால். எவராவது எழுந்தால் பல் கூசியது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ஐந்து பேர் வட்டமாக உட்கார, நல்ல வெளிச்சத்தில், சத்தமில்லாத ஓர் இடம். அவர் கேட்டது அவ்வளவுதான். குதிரைக் கொம்பு கேட்டிருந்தால்கூட யாராவது தேடிக் கொடுத்திருப்பார்கள்.

பதினோரு மணிக்கும் காரணம் இருந்தது. வரப்போகிற பழைய ஆலைத் தொழிலாளிகள் நால்வரில் மைனா ஒரு கிடங்கில் இரவுக் காவல், பத்து மணிக்கு முன் எழமாட்டார். கிரேன்காரர் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு இரண்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். மாலையில் வைத்தால் ஓட்டல்காரர்கள் அழகுக்காக விளக்கைக் குறைத்துவிடுவார்கள். உதடு தெரியாவிட்டால் அந்த நான்கு பேருக்கும் ஒரு வார்த்தை புரியாது.

"காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல சாப்பிட்டா அதுக்குப் பேரு பிரஞ்ச்ப்பா. போன்ல அப்படிக் கேளுங்க, தருவாங்க," என்று சொல்லிக் கொடுத்தது மகள். பிறகு சும்மா இருந்திருக்கலாம். "ஆனா காது கேக்காதவங்களுக்கு எதுக்குப்பா சத்தமில்லாத இடம்? உங்க காதுக்குத் தேடுறீங்களா, அவங்க காதுக்கா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போய் வேலையைப் பாரு," என்று எரிந்து விழுந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதுதான். அதைத் தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் ஆலையில்தான் அவர் போர்மேனாக இருந்தார். பிரஸ் ஷாப்பில் பதினான்கு இயந்திரங்கள். தகரத்தின் மேல் இரும்பு விழும் சத்தம் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் சங்கு ஊதும்வரை ஓயாது. போர்மேனுக்கு மட்டும் சத்தம் நுழையாத கண்ணாடி அறை. வருடத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு காகிதம் வரும். காது எப்படி இருக்கிறது என்று ஏழெட்டுக் கேள்விகள், எதிரே நன்று, சுமார், குறைவு என்று கட்டங்கள், அடியில் தொழிலாளி கையெழுத்து. யாருக்காவது குறைவு என்று போட்டால் சோதனை வண்டி வரும், மருத்துவர் வருவார், அரை நாள் வேலை நிற்கும். குறைவு உறுதியானால் அந்த ஆளை வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும்.

போர்மேனின் ஷாப்பில் வேலை நின்றதே கிடையாது. அதுதான் அவருடைய பெருமை. "கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்," என்று வெறும் காகிதத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணாடி அறையில் உட்கார்ந்து மேலிருந்து கீழே நன்று, நன்று, நன்று என்று போட்டுக்கொண்டே போவார். இருபத்திரண்டு வருடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வருடம் ஒரு துண்டாக மறைத்தால் தாராளமாக முடியும்.

வேலையை விட்டு வந்தபின் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு நாள் கடைத்தெருவில், ஆலையில் இயந்திரங்களுக்கு அச்சு மாட்டும் வேலை பார்த்த செட்டரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. தெருவே கத்தியது. செட்டர் வெங்காயத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிதான் ஒதுங்கிப் போனது. அன்று இரவிலிருந்து போர்மேனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இப்போது செட்டர் கடல் தாண்டி மகன் வீட்டுக்கே போகிறார். வியாழக்கிழமை விமானம். எழுபத்து நான்கு வயதில் போகிறவர் திரும்பி வரப்போவதில்லை. அதற்குள் சொல்லிவிட வேண்டும். கடிதமாக நான்கு தரம் எழுதி நான்கு தரமும் கிழித்தாயிற்று. எழுதினால் வீட்டில் வேறு யாராவது முதலில் பிரித்துப் படிப்பார்கள். தவிர, காகிதத்தில் செய்த பொய்யைக் காகிதத்திலேயே அவிழ்க்க அவருக்குக் கூசியது. முகத்துக்கு நேரே, கத்தாமல், வாயால் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாவது ஓட்டல் ஒரு மாடியில் கிடைத்தது. தரையெல்லாம் கம்பளம், கனத்த திரைச்சீலை, பெரிய ஜன்னல், வட்ட மேஜை. ஊசி விழுந்தால் கேட்கும் என்பது அந்த ஓட்டலுக்காகவே சொன்னது போலிருந்தது. அங்கே சாப்பிடுகிறவர்கள் கரண்டிக்கு வலிக்குமோ என்று சாப்பிட்டார்கள். போர்மேன் கண்ணை மூடினார். தன் மூச்சு கேட்டது. அங்கேயே மேஜையைச் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். பேக்கிங் அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். போர்மேனைவிட ஆறு வயது இளையவர்தான், ஆனாலும் ஆலைக்கே அவர் அக்கா.

"அடேயப்பா! இது என்ன அரண்மனையா!" என்றார் அக்கா, வாசலிலேயே.

ஓட்டலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஆலைச் சத்தத்தை மீறி இருபது வருடம் பேசிய குரல் அது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் அதை அவர் கேட்க வேண்டும். கிரேன்காரர் பதிலுக்கு இன்னும் ஓங்கி, மனைவிக்குப் புண் ஆறிய கதையைத் தொடங்கினார். மைனா எப்போதும் போலச் சீட்டியடித்தார். இளமையில் அந்தச் சீட்டிக்காகவே அவருக்கு அந்தப் பெயர். இப்போது அது சுருதியெல்லாம் கழன்று, கீச்சென்று ஒரே கோடாகப் போனது. மைனா மட்டும் பழைய பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கண்ணெல்லாம் கனிந்து கிடந்தது.

முட்டையும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் வந்தன. கூடவே மேலாளரும் வந்தார். குனிந்து, மிக மரியாதையாக, "ஐயா, கொஞ்சம் மெதுவா பேசச் சொல்ல முடியுங்களா? மத்தவங்க சங்கடப்படுறாங்க," என்றார். போர்மேனிடம்தான் சொன்னார். மேஜையில் காது கேட்கிற ஆள் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தார்.

போர்மேன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

நான்கு பேரும் சட்டென்று அடங்கினார்கள். அக்கா சுற்றிலும் பார்த்தார். எத்தனை பேர் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. புதுச் சேலையின் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். அதைப் பார்த்தபோது போர்மேனுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

பிறகு செட்டரின் உதடுகள் அசைந்தன. குரலே இல்லை. அக்காவின் உதடுகள் பதில் சொல்லின. கிரேன்காரர் இரண்டு விரலை மேஜையில் தட்டி எதையோ சேர்த்தார். நான்கு பேரும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார்கள். இயந்திரங்களுக்கு நடுவே ஒருவருக்கொருவர் பேசிப் பழகிய வாய்ப்பேச்சு. மேலாளரே மெச்சும் அமைதி. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தப் பேச்சு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. கதை எங்கெங்கோ போனது, யாருக்கோ கல்யாணம் ஆனது, யாரோ விழுந்து எழுந்தார்கள். அவருக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அவர் தேடித் தேடிப் பிடித்த அமைதியில் அவர் மட்டும் செவிடாக உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டரை ஆயிற்று. இனி தள்ளிப்போட முடியாது. செட்டரின் கையைத் தொட்டார். நான்கு முகமும் அவர் பக்கம் திரும்பின.

"அந்தக் காதுப் பேப்பர் இருக்கே," என்றார் போர்மேன். "வருஷா வருஷம் வருமே. உங்ககிட்ட வெறும் கையெழுத்த வாங்கிக்கிட்டு, எல்லாத்துலயும் நன்றுன்னு நான்தான் போட்டேன். நாலாவது வருஷமே செட்டருக்குக் கேக்கல. எனக்குத் தெரியும். பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பல. தெரிஞ்சேதான் போட்டேன். அரை நாள் வேலை நிக்கக் கூடாதுன்னு போட்டேன். உங்க காதப் போக்குனது மெஷின் இல்ல, நான்."

சொல்லி முடித்ததும் ஓட்டல் முழுக்க அசைவில்லாமல் போனது. அடுத்த மேஜையில் ஒரு பெண் கோப்பையை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தாள். தண்ணீர் ஊற்ற வந்த பணிப்பெண் கூஜாவோடு பின்னால் நின்றுவிட்டாள். ஒரு சொல் சிந்தாமல் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

செட்டர் புன்னகைத்தார். தலையை ஆட்டினார். மைனாவும் ஆட்டினார். புரியாதபோது ஆட்டிவைக்கிற, கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று ஆட்டுகிற ஆட்டம்.

"என்ன சொல்றார்?" என்று அக்கா குரலை அடக்க முயன்று கேட்டார். பிறகு தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார். "மீசைக்குள்ள இருந்து ஒண்ணுமே வெளிய வரல போர்மேன்."

ஆமாம், மீசை. நாற்பது வருடமாக வளர்த்த, உதட்டை மூடித் தொங்குகிற, ஷாப்பே பயந்த மீசை. பன்னிரண்டு ஓட்டலைச் சோதித்தவருக்கு அதைச் சோதிக்கத் தோன்றவில்லை.

"சாப்பாடு நல்லா இருக்கான்னு கேக்கறார்," என்று செட்டரே அக்காவுக்கு விளக்கம் சொன்னார். போர்மேனின் கையைத் தட்டிக்கொடுத்தார். "ரொம்ப நல்லா இருக்கு போர்மேன். நல்ல இடமாப் பாத்துப் புடிச்சிருக்கீங்க."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். ஊதுகிறவனே அந்தக் காதைக் கெடுத்தவனாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தப் பழமொழியும் சொல்லி வைக்கவில்லை. செட்டரின் காதோடு வாயை வைத்துக் கத்தலாம். இரைச்சலான அந்தப் பதினோரு ஓட்டலில் எதுவாக இருந்தாலும் கத்தியிருக்கலாம், ஒருவரும் திரும்பியிருக்கமாட்டார்கள். இங்கே வாயைத் திறந்தார், மேலாளரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அவ்வளவு கோழையா நான் என்று நினைத்தார். அவ்வளவு கோழைதான்.

செட்டரைக் கூட்டிப்போக ஊருக்கு வந்திருந்த மருமகள் கீழே வாடகைக் காரில் காத்திருப்பதாகத் தகவல் வந்தது. எல்லோரும் எழத் தொடங்கினார்கள். அப்போது பணிப்பெண் ஆளுக்கொரு அட்டை வைத்தாள். உணவு, உபசரிப்பு, சுத்தம், அமைதி. எதிரே மூன்று மூன்று கட்டம். அடியில் கையெழுத்து.

செட்டர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், அடியில் கோடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார், போர்மேன் பக்கம் நகர்த்தினார். அதைப் பார்த்து மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள்.

"கையெழுத்துப் போட்டாச்சு. மத்தத நீங்க பாத்துக்கங்க," என்றார் செட்டர். "எப்பவும் நீங்கதானே பாத்துப்பீங்க."

போர்மேன் அந்த முகத்தில் குத்தலைத் தேடினார். ஒரு பொட்டுக் குத்தல் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பார். இல்லை. வெறும் நன்றிதான் இருந்தது.

செட்டர் அவரைக் கட்டிக்கொண்டார், படியிறங்கினார். மற்ற மூவரும் வழியனுப்பப் பின்னாலேயே போனார்கள். மேஜையில் நான்கு கையெழுத்துகள் இருந்தன. போர்மேன் ஓர் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நாலு வரி எழுத இடம் இருந்தது. எழுதிக்கொண்டு கீழே ஓடினால் கார் கிளம்புமுன் கொடுத்துவிடலாம். பேனா முனை அட்டையைத் தொட்டது, ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் அது நகரவில்லை.

அட்டையை முன்பக்கம் திருப்பினார். கை அதன் வழக்கப்படி மேலிருந்து கீழே இறங்கியது. நன்று, நன்று, நன்று, நன்று. நான்கு அட்டைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பணிப்பெண் வந்து வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், அட்டைகளோடு போய்விட்டாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.