இரண்டு பேருக்கு ஒரு ஸ்கேனர்

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே கொட்டகையில் சேர்ந்து கராஜ் நடத்தினார்கள். அண்ணன் என்ஜின் ஆள். ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றாரென்றால் எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். இவர் ஒயரிங் ஆள். ஹெட்லைட், ஹாரன், டைனமோ எல்லாம் இவர் கை. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் சிநேகிதர்கள். அந்தச் சிநேகிதத்தில்தான் என் கல்யாணமே நடந்தது. "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தேனா, எனக்குப் பார்ட்னர் பார்த்தேனான்னு எனக்கே குழப்பம்" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் மண்ணைப் போட்டது ஒரு ரொட்டி வேன்.

அந்த வேன் சூடாகும்வரை நன்றாக ஓடும். சூடானதும் நடுரோட்டில் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். அண்ணன் பெட்ரோல் பம்ப் என்றார், புதிது மாட்டினார். இரண்டு நாளில் வண்டி மறுபடி நின்றது. இவர் பம்ப்புக்குக் கரண்ட் போகிற ஒயர் என்றார். புது ஒயர் இழுத்தார். மறுபடியும் நின்றது. ரொட்டியெல்லாம் உள்ளேயே காய்ந்துபோன வேனைப் பேக்கரிக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, நான்கு வாடிக்கையாளர்கள் பார்க்கச் சத்தம் போட்டார்.

"கரண்ட் வேலை பார்த்தவரைக் கேளுங்க" என்றார் அண்ணன்.

"பம்ப்பு பம்ப்புன்னு குதிச்சது யாருன்னு கேளுங்க" என்றார் இவர்.

"சோல்டரிங் கம்பி பிடிக்கிறவனெல்லாம் மெக்கானிக்கா?"

"காதை வச்சு வண்டி பார்க்க நீங்க என்ன டாக்டரா?"

வாய் வார்த்தை முற்றிப்போனது. பேக்கரிக்காரர் வேனை வேறெங்கோ கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்துக்குள் கொட்டகையின் நடுவே தகரத் தடுப்பு வந்தது. இந்தப் பக்கம் ஒரு போர்டு, அந்தப் பக்கம் ஒரு போர்டு.

காற்றடிக்கிற கம்ப்ரஸர் மட்டும் ஒன்றுதான். அது அண்ணன் பக்கம் மாட்டிக்கொண்டது. தகரத்தில் ஓட்டை போட்டுக் குழாயை இவர் பக்கம் விட்டிருந்தார்கள். காற்று வேண்டுமென்றால் இவர் தகரத்தை இரண்டு தட்டு தட்டுவார். அண்ணன் ஸ்விட்ச் போடுவார். போதுமென்றால் இன்னொரு தட்டு. வருஷக்கணக்கில் அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மிச்சப் பேச்சு எல்லாம் என் தலையில். மத்தியானம் இரண்டு பக்கமும் டீ கொண்டு போவது நான்தான். "உங்க அண்ணனை ரேடியோவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்பார் இவர். அங்கே போனால், "சத்தம் பிடிக்கலைன்னா பஞ்சு வச்சுக்கச் சொல்லு. காதால வண்டி பார்க்கிறது நான்தானே, அவருக்கு எதுக்குக் காது?" என்பார் அண்ணன். இதைப் போய் அப்படியே சொல்ல முடியுமா? "குறைக்கிறாராம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு வருவேன். அண்ணி வீட்டுக்கு வரமாட்டாள். கடைத்தெருவில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் தெருவுக்கு வர ஆரம்பித்தன. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வருவார்கள். அண்ணன் காது வைத்துக் கேட்பார். என்ஜின் கோவில் மணி மாதிரி சுத்தமாகப் பேசும். விளக்கு மட்டும் எரியும். இவருக்கோ, கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற பழைய டெஸ்ட் லேம்ப்பை அந்த ஒயர்களில் குத்தப் பயம். தப்பான இடத்தில் குத்தினால் கம்ப்யூட்டரே போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருநாள் அண்ணன் டீயைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சனி ஞாயிறுல ஒரு ட்ரெய்னிங் இருக்காம். ஸ்கேனர்னு ஒரு கருவியை வண்டி கம்ப்யூட்டர்ல சொருகி, அது காட்டுற கோளாறு நம்பரைப் பார்க்கக் கத்துக் கொடுக்கிறாங்க. சேர்ந்துட்டேன். உன் வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடாதே."

அன்று சாயங்காலம் இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு ட்ரெய்னிங்ல பேர் கொடுத்திருக்கேன். உங்க அண்ணன் காதுல போட்டுடாதே."

இரண்டு பேருக்கும் சரி என்றேன். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

வகுப்பில் நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேர் வாயாலும் தனித்தனியாகவும் சேர்ந்தும் எத்தனையோ தடவை கேட்டதால், பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. தொழிற்பள்ளியின் மாடியில் ஒரு அறை. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. அதில் நடுத்தர வயது மெக்கானிக்குகள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள்; நகக்கண் மட்டும் கறுப்பு. இவர் முன் பெஞ்சில் இருந்தார். அண்ணன் உள்ளே வந்து இவரைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பிவிடலாமா என்று யோசித்தாராம். அதற்குள் பின்னாலேயே டீச்சர் வந்துவிட்டார்.

அவருக்கும் இவர்கள் வயதுதான் இருக்கும். பெரிய சர்வீஸ் சென்டரில் பல வருஷம் வேலை பார்த்தவர். இடுப்பு பெல்ட்டில் எப்போதும் கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்று தொங்கும். அதனால் எல்லாருக்கும் அவர் மீட்டர் மேடம். இரண்டு பேருக்கு ஒரு ஸ்கேனர்தான் இருந்தது. யார் யார் எந்தத் தெரு என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே தெருவா? ரொம்ப நல்லதாப் போச்சு. வகுப்பு முடிஞ்சும் சேர்ந்து படிக்கலாம்" என்று அண்ணனையும் இவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

கீழே முற்றத்தில் பயிற்சிக்கென்று ஒரு கார் நின்றது. ஸ்கேனரைச் சொருகி இவர் கையில் பிடித்திருந்தார். அண்ணன் ஸ்டியரிங் பக்கம் நின்றார்.

"மேடம், அவரைச் சாவியை ஆன்ல வைக்கச் சொல்லுங்க" என்றார் இவர்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பக்கத்துலதானே நிக்கிறார்?"

"ஆமா மேடம்."

"அவருக்குக் காது கேட்காதா?"

"நல்லாவே கேட்கும் மேடம். அதுதான் பிரச்சினையே."

அண்ணன் சாவியைத் திருப்பிக்கொண்டே, "மேடம், நம்பர் வந்துச்சான்னு அவரைக் கேளுங்க" என்றார். மேடம் பெருமூச்சு விட்டார். இப்படியே நான்கைந்து வகுப்பு ஓடியது.

மேடம் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் ஒன்று உண்டு. அதை இவர் இன்றைக்கும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். "ஸ்கேனர்ல வர்ற நம்பர் தீர்ப்பு இல்ல, வெறும் புகார். யார் புகார் கொடுத்தாங்கன்னு அது சொல்லும். தப்பு யார் மேலன்னு நீங்கதான் அளந்து பார்க்கணும். அளக்காம எந்தப் பார்ட்டையும் கழட்டினா கையிலயே போடுவேன்."

ஒருநாள் காரில் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று சென்சார் புகார் கொடுத்தது. சென்சாரே கெட்டுவிட்டது என்று பாதி வகுப்பு முடிவு கட்டியது. இவர் ஸ்கேனரில் ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது கோளாறு காட்டிய எண்கள், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சரியாகின. எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று புரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. அண்ணன் தலையைச் சாய்த்தார். பானெட்டுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஒரு ரப்பர் குழாயை விரலால் அழுத்தினார். ஸ்கேனரில் எண்கள் சட்டென்று இறங்கின. குழாயில் நூல் பருமனுக்கு ஒரு வெடிப்பு.

இவர் ஸ்கேனரைப் பார்த்தபடியே, "பரவாயில்ல, சில பேருக்குக் காது இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றாராம். யாரிடம் சொன்னார்? யாரிடமும் இல்லை. காற்றில்தான் சொன்னார். ஆனால் அன்று அண்ணன் கராஜில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார். தகரத்தைத் தாண்டி எனக்கே கேட்டது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, மேடம் அந்தப் பயிற்சிக் காரில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்தார். பெட்ரோல் பம்ப் திணறித் திணறி ஓடியது. ஒவ்வொரு ஜோடியாக வந்து பார்த்தார்கள். இவர் பம்ப்புக்கு வருகிற கரண்ட்டை அளந்தார், குறையே இல்லை. கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற எர்த் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பீப் என்று கத்தியது. ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "அப்ப பம்ப்புதான்" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

"ரெண்டு பேரும் பாதிதான் பார்த்தீங்க" என்றார் மேடம். "கரண்ட் போனாப் போதுமா? திரும்பி வர வேணாமா? எர்த்தை பம்ப் ஓடாதபோது அளந்தீங்க. அப்ப அது நல்ல பிள்ளையாட்டம் நடிக்கும். பாரம் ஏறினாத்தான் சாயம் வெளுக்கும். பம்ப்பை ஓடவிட்டு அளங்க."

அண்ணன் பம்ப்பை ஓடவிட்டார். இவர் மீட்டரின் ஒரு முனையைப் பம்ப்பின் எர்த்திலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தார். ஏறக்குறைய நாலு வோல்ட் காட்டியது. அங்கே அரை வோல்ட்கூட இருக்கக் கூடாதாம். எர்த் ஒயரைப் பாடியில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார்கள். அடியில் பச்சைப் பசேலென்று களிம்பு.

"இது சூடாக ஆக இன்னும் மோசமாகும்" என்றார் மேடம். "ஆறினா மறுபடி வேலை செய்யும். வண்டி ஓனர் பைத்தியம் பிடிச்சு அலைவார். பம்ப்பை மாத்தினாலும் நிக்கும், பாசிட்டிவ் ஒயரை மாத்தினாலும் நிக்கும்."

இருவரும் அந்தக் களிம்பு பிடித்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "அந்த ரொட்டி வேன்."

"ஆமா மச்சான். எர்த்."

"நீயும் பார்க்கல."

"நீங்களும் பார்க்கல."

"நான் புது பம்ப்பு போட்டேன்."

"நான் புது ஒயர் இழுத்தேன். அந்தப் பாழாப்போன போல்ட்டை ரெண்டு பேருமே தொடல."

யார் முதலில் சிரித்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு. இவர் அண்ணன் என்பார். அண்ணன் இவர் என்பார். பானெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு பேரும் சிரித்தது மட்டும் நிஜம். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன இது? இத்தனை நாளா என்னைத் தூது விட்டீங்க. இன்னிக்கு மாப்பிள்ளை, மச்சான்னு கொஞ்சிக்கிறீங்க?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர் மேடம்" என்றார் அண்ணன்.

வகுப்பே கொல்லென்று சிரித்ததாம்.

அன்று இருவரும் நேராக பேக்கரிக்குப் போயிருக்கிறார்கள். "உங்க வேன்ல இருந்தது எர்த் கோளாறுங்க. எங்க ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு" என்று சொன்னார்களாம். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு திகைத்து நின்றார். "அந்த வண்டிய வித்து எத்தனையோ காலமாச்சே! இதைச் சொல்லவா ஜோடி போட்டு வந்தீங்க?" என்று சுடச்சுட ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மோட்டார் பைக் சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். இவர் ஓட்ட, பின்னால் அண்ணன் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் இறங்கி, நேற்றுத்தான் வந்துபோன மாதிரி, "என்ன பாப்பா, முழிச்சிட்டு நிக்கிறே? கத்தியை எடு, ரொட்டி ஆறுது" என்றார். நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன்.

தகரத்தை மறுநாளே பிரித்துவிட்டார்கள். ஆனால் நான் நினைத்து நினைத்து ஏங்குவது அதற்குப் பிறகு வந்த பரீட்சைக் காலத்தைத்தான். சாயங்காலமானால் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அடுக்களை மேஜையில் நான் கேள்வியை வாசிப்பேன். இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பேனாவே தொடாதவர். "வாயால கேட்டா சொல்றேன், எழுதச் சொன்னா விரல் மரத்துப்போகுது" என்பார். இவர் விலாவாரியாக விளக்க ஆரம்பிப்பார். "உங்க விளக்கத்துக்கு ஒரு விளக்கம் வேணும்" என்று அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுவாள். ஓம்ஸ் பெரிசா வோல்ட்ஸ் பெரிசா என்று மேஜையைத் தட்டிச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும். ஆக்ஸிஜன் சென்சார் எங்கே இருக்கும், எதற்கு இருக்கும் என்று நான்கூடத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லுவேன்.

பரீட்சையில் இவர் பாஸ். அண்ணன் செய்முறையில் நன்றாகச் செய்து, எழுத்துப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இவர் சான்றிதழ் வாங்கப் போகவே இல்லை. "மச்சான் அடுத்த தடவை எழுதுறார் மேடம், சேர்ந்தே வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்காக எனக்கு மனசு கனத்தது. கூடவே, சாயங்காலங்கள் இன்னும் கொஞ்ச நாள் நீளும் என்று ஓர் ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது அண்ணன் தன் மகள் வீட்டோடு வேறு ஊரில் இருக்கிறார். முழங்கால் வலி, கராஜ் பக்கம் வர முடிவதில்லை. இவரும் வேலையைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலங்களில் அந்த மேஜையில் நாங்கள் இருவர்தான்.

அந்தக் காலம் முடிந்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் இரண்டாவது தடவையில் பாஸ் பண்ணினார். மீட்டர் மேடமே இருவர் கையிலும் ஒன்றாகச் சான்றிதழைக் கொடுத்தாராம். படிக்க இனி ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம், பழக்கத்தில் மேஜையைத் துடைத்து நாலு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் நினைவு வந்தது. எடுத்து வைக்கலாமென்று குனிந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். அண்ணனும் அண்ணியும் நின்றார்கள்.

"பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே அண்ணா" என்றேன்.

"அதனால என்ன?" என்று அண்ணன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். "மாப்பிள்ளை எங்கே? பரீட்சைக்குப் படிக்கிறப்ப ஒரு கேள்விக்குத் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கான். அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."