இதுல நீ செஞ்சது எது?

கணினி அறிவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த அவளுக்கு வியாழக்கிழமையன்று வேலைக்கான முதல் நேர்காணல். திங்கட்கிழமை மதியம், அண்ணியின் பார்லரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

"அண்ணி, என்னைக் கேள்வி கேளுங்க. பழகிக்கணும்."

அண்ணி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நாத்தனாரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் நீட்டிய வேலை விண்ணப்பத்தை நிதானமாகப் படித்தாள்.

"முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற செயலி. நாலு பேர் சேர்ந்து பண்ணினதுன்னு போட்டிருக்கே. இதுல நீ செஞ்சது எது?"

அவள் மூச்சுவிடாமல் இரண்டு நிமிஷம் பேசினாள்.

"எல்லாம் சரி. நீ என்ன செஞ்சே?"

எதிர்க் கண்ணாடியில் அவள் முகம் சுருங்கியது. "ரிப்போர்ட் எழுதினேன். அப்புறம்... பிரிண்ட் எடுத்தேன்."

அண்ணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"கிளாஸ்ல எல்லாரும் பின்றாங்க அண்ணி. நான்தான் ஒண்ணுக்கும் லாயக்கில்ல."

"அப்ப இந்தக் கடைக்கு முன்பதிவு புரோகிராம் எழுதினது யாரு? உங்க அண்ணனா? அவருக்கு அலாரம் வைக்கவே நான் வேணும்."

"அதெல்லாம் ஒரு ப்ராஜெக்டா? நானூறு வரி."

"அந்த நானூறு வரிதான்டி ஆறு மாசமா என்னை மூச்சு விட வைக்குது. முதல் வாரம் ஒரே பதினோரு மணிக்கு ரெண்டு பேரை வரச் சொல்லிடுச்சு. நீ சோறு தண்ணி இல்லாம உக்காந்து சரி பண்ணினியே. அதை எழுது."

எழுதினாள். கூட்டுச் செயலியின் கீழே 'அறிக்கை மட்டும்' என்று உள்ளதை உள்ளபடி போட்டாள். அடுத்த இரண்டு நாளும் அண்ணி முடி வெட்டிக்கொண்டே கேள்வி கேட்டாள். முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு டீச்சரம்மாவும் சேர்ந்துகொண்டார்.

"ஏம்மா ரெண்டு பேரை வரச் சொல்லுச்சு?"

"ரெண்டு பேரும் ஒரே நொடியில அழுத்திட்டாங்க. ஒருத்தர் பேரை எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்தவருக்கும் அந்த நேரம் காலின்னு காட்டிடுச்சு."

"ஒரே பஸ் சீட்டுல ரெண்டு பேர் துண்டு போட்ட மாதிரி!" என்றார் டீச்சரம்மா.

மூவரும் சிரித்தார்கள். தன் வேலையைத் தானே ஒருவருக்குப் புரிய வைத்துவிட்டோம் என்பது அவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

நேர்காணலில் முதல் கேள்விக்கே பதில் தெரியவில்லை. "தெரியல மேடம். ஆனா இப்படித்தான் யோசிக்க ஆரம்பிப்பேன்" என்று தாளில் போட்டுக் காட்டினாள். பிறகு பேச்சு பார்லர் முன்பதிவு புரோகிராமுக்குப் போனது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவள் கேட்ட வேலை இல்லை. ஆறு மாதப் பயிற்சி, தேறினால் வேலை. பார்லருக்கு ஓடிப்போய் வாசலில் நின்றே வாசித்தாள்.

அண்ணியின் இரண்டு கையுறையிலும் தலைச்சாயம். முழங்கைகளாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என் கழுத்துல ஒழுகுதும்மா" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"ஒழுகட்டும் மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் அண்ணி.