பாலத்தில் பின்னால் வந்தவன்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு என்ன, அமெரிக்காவா? ஆனால் ஜானு முப்பது வயது வரை தனியாக பஸ் ஏறியதில்லை. பிறந்த வீட்டில் அப்பா கூட வந்தார். கல்யாணத்துக்கப்புறம் கணவன் ராஜகோபாலன். அவளுடைய பி.ஏ. சர்டிபிகேட் பீரோவுக்குள் தூங்கியது. இப்போது அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது.

"துணையில்லாம போயிட்டு வந்து காட்டு. வழியில ஏதாவது ஆச்சோ, அப்புறம் வேலைப் பேச்சையே இந்த ஆத்துல எடுக்கப்படாது" என்றான் ராஜகோபாலன்.

"காட்டறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மந்தைவெளி தாண்டும்வரை ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. தானே சில்லறை நீட்டி டிக்கெட் வாங்கியதில் கல்யாணத்தன்றுகூட வராத பெருமை வந்தது. அப்போதுதான் அவனைக் கவனித்தாள். கட்டம் போட்ட சட்டை, முறுக்கு மீசை. இவள் பஸ் ஏறின குளத்தங்கரை ஸ்டாப்பிலும் நின்றிருந்தவன்தான். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு வைத்த கண் வாங்காமல் இவளையே பார்த்தான். பாழாய்ப்போகிறவன்! கண்டக்டரிடம் சொன்னால் ரகளையாகும். ரகளை வீட்டுக்கு எட்டினால் வேலை போச்சு.

பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் சட்டென்று இறங்கினாள். அவனும் குதித்தான்.

எதிர்ப்பக்கம் மயிலாப்பூர் பஸ் வந்து நின்றது. ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீடு. வேலையும் அத்தோடு சரி. ஏறவில்லை. புதிதாகக் கட்டிய அடையாற்றுப் பாலத்தில் விடுவிடுவென்று நடந்தாள். உச்சி வெயிலில் வேறு யாரும் நடந்து வரவில்லை. பின்னால் செருப்புச் சத்தம். இவள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது, நின்றால் நின்றது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! பாதிப் பாலத்தில் திரும்பி, குடையை ஓங்கிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தாள்.

"யாருடா நீ? இன்னும் ஒரு அடி எடுத்து வச்சியோ, மண்டையைப் பிளந்துடுவேன்!"

அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். "ஐயோ, அடிக்காதம்மா! நான் உங்க வூட்டுக்காரரு ஆபீஸ் பியூன்மா. சாருதான் அனுப்சாரு. அம்மா தனியா போவுது, கண்ல படாம பின்னாடியே போய்க்கினு இருன்னாரு."

ஜானுவுக்கு அழுகை முட்டியது. அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. "போயிடு. சார்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று அவனை விரட்டிவிட்டு அடையாறு போனாள். வேலையும் கிடைத்தது.

சாயங்காலம் ராஜகோபாலன் வாசலிலேயே காத்திருந்தான். "வழியில பயமா இருந்ததா, ஜானு?"

"இருந்தது. உயிரே போயிடும்போல இருந்தது."

"பார்த்தியா, நான் சொன்னேனோல்லியோ!" அவன் முகத்தில் அவ்வளவு திருப்தி.

"ஒரே ஒருத்தனைப் பார்த்துத்தான் பயந்தேன். அவனை நீங்கதான் அனுப்பினேள்."