திரும்பி வர எழுதாத வழி

கிடங்குக் காவலாளி பூட்டை வேலையிலிருந்து துரத்தியது என் மச்சான். துரத்த வைத்தது நான். இரண்டாவது விஷயம் மச்சானுக்குத் தெரியாது.

குழாயும் வால்வும் மொத்தமாக விற்கும் கடை அவருடையது. என் மனைவியின் அண்ணன். கம்ப்யூட்டர் தெரிந்த மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்க வெளியாள் எதற்கு என்று நெட்வொர்க்கை என் தலையில் கட்டினார். நகரத்தின் மறுகோடியில் கிடங்கு. அதைக் காப்பவர்தான் பூட்டு. பூட்டியதை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். பதினெட்டு வருடத்தில் ஒரு வால்வு குறைந்ததில்லை.

கடைக்கும் கிடங்குக்கும் இடையே புதிய நெட்வொர்க் லைன் வந்தது. இரண்டு பக்க ரவுட்டரிலும் ஸ்டாடிக் ரூட் எழுத வேண்டும். இன்ன இடத்துக்குப் போக இன்ன கதவு என்று கையால் எழுதிவிட்டால், கதவுக்கு அந்தப் பக்கம் சுவரே எழும்பினாலும் ரவுட்டர் அங்கேதான் போய் முட்டும். கடைப் பக்கம் எழுதி முடித்தேன்.

"கிடங்குக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன் மச்சான்."

"ஒரு வேலைக்கு ரெண்டு நடையா? போற வழி போட்டாச்சுல்ல, வந்தவனுக்குத் திரும்பத் தெரியாதா?"

எதையும் பாதிக்குக் கேட்டே வளர்ந்தவர். வெளியே வெயில். பேரம் படிந்தது.

எல்லாம் ஓடவும் செய்தது. பழைய லைன் மாதக் கடைசி வரை உயிரோடிருந்ததால் கிடங்கின் பதில்கள் அதன் வழியே வந்தன. ஓடுகிற வண்டியின் அச்சாணியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? மறந்தே போனேன்.

ஒன்றாம் தேதி பழைய லைனை வெட்டினார்கள். கடைத் திரையில் கிடங்கின் சரக்கு இருப்புக் கணக்கு காணாமல் போனது. என் ரவுட்டரைப் பார்த்தேன்; எழுதியது எழுதியபடி இருந்தது.

"நம்ம பக்கம் சுத்தம் மச்சான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

மச்சான் எல்லோரும் கேட்கும்படி பூட்டுக்கு ஃபோன் போட்டார். போன வாரம்தான் எதிர்க்கடையில் எங்கள் வால்வு மாதிரியே ஒன்றைப் பார்த்து வயிறு எரிந்திருந்தார்.

"யோவ், பெட்டியை அணைச்சு வச்சிருக்கியா?"

"இல்லீங்க முதலாளி. விளக்கு சிமிட்டிக்கிட்டேதான் இருக்கு."

"யாரைப் பாத்துய்யா சிமிட்டுது? எதிர்க்கடைக்காரனையா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சரக்கைக் கடத்தத்தான் பெட்டியை அணைத்தான் என்று மச்சான் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். மூன்றாம் நாள் பூட்டு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "எண்ணிப் பாத்துக்குங்க முதலாளி." வெளியே போகும்போது என்னிடம் நின்றார். "நீங்களாவது ஒரு நடை வந்து பாத்திருக்கலாம் தம்பி."

மறுநாள் மச்சான் சரக்கை எண்ண அனுப்ப, அந்த நடையைப் போனேன். கிடங்கு ரவுட்டரின் விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. கடையின் ஒவ்வொரு கேள்வியும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு பதிலும் வெட்டிப்போட்ட லைனுக்குப் போய்ச் செத்திருந்தது. நான் மாற்றாத அந்த ஒரு வரி. மாற்றினேன், அரை நிமிட வேலை. பிறகு மாலை வரை சரக்கை எண்ணினேன்.

ஃபோன் அடித்தது.

"பாத்தீங்களா மாப்ளே, அவன் போன மறுநாளே திரை வந்துடுச்சு! நான் சொன்னப்ப யாராவது நம்புனீங்களா? சரக்கு எவ்வளவு குறையுது?"

"ஒண்ணுகூடக் குறையலை மச்சான்."

அந்தப் பக்கம் மச்சான் கணக்கு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. என் தப்பைச் சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"பயந்துபோய்த் திருப்பி வச்சிருக்கான் திருட்டுப்பய" என்றார்.

"இருக்கும் மச்சான்" என்றேன்.